அம்புக்குறி ஒட்டிய கால்

அருள்செல்வனுக்குத் தொடங்கத் தெரியும். அதை அவனுடைய பகையாளிகூட மறுக்க மாட்டான். ஒரு காரியத்தை அவன் தொடங்குகிற அழகைப் பார்த்தால், முடிக்கிறவர்கள் எல்லாம் ரசனை இல்லாதவர்கள் என்று தோன்றிவிடும். ஓடப் போகிறேன் என்றால் முதலில் ஷூ வரும். ஷூவுக்குப் பொருத்தமாகக் கால்சட்டை வரும். கால்சட்டைக்குத் துணையாக, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிற பட்டை மணிக்கட்டுக்கு வரும். ஓட்டம் மட்டும்தான் வழியில் எங்கேயோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கும்.

சேவூருக்குப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் உண்டு. அதில் ஈரத்துணி காயும். கட்டிலுக்கடியில் ஒரு கீபோர்டு உண்டு. அதன் மேல் வெங்காயம் காயும். வடக்கத்தித் தொழிலாளிகளோடு பேச வேண்டும் என்று போனில் இந்தி படிக்க ஆரம்பித்து, ‘நான் ஆப்பிள் தின்கிறேன்’ வரைக்கும் போனான். அதற்குள் அவர்கள் “என்னுங்ண்ணா, சாப்ட்டாச்சுங்களா” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தான் தோற்றதாக அவன் எடுத்துக்கொள்ளவில்லை. தேவை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டான்.

பிழைப்பு என்னவென்றால், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற டீசர்ட்டை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். சரிசெய்ய முடிந்தால் ‘ஆல்டர்’ பெட்டி. முடியாவிட்டால் ‘ரிஜெக்ட்’ பெட்டி. ஊரார் குறையைச் சுட்டிக்காட்டுவதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கியவனுக்கு, வீட்டில் அதைச் சம்பளம் இல்லாமல் செய்ய ஒரு ஆள் வளர்ந்துகொண்டிருந்தது. நாலாம் வகுப்பு படிக்கிற மகள் யாழினி. அப்பா சட்டைப்பையில் மறந்து எடுத்து வருகிற ஸ்டிக்கர்த் தாளைப் பத்திரப்படுத்தி, வீட்டில் யாரும் தொடாத சாமான் ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு ஒட்டி வைத்திருந்தாள். சைக்கிளில் ஒன்று. கீபோர்டில் ஒன்று. ஓடாத ஷூவில் காலுக்கு ஒன்று.

“இதெல்லாம் ஆல்டரா, ரிஜெக்ட்டாடி?” என்று கேட்டாள் அவன் மனைவி நாகஜோதி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. இன்னொரு கம்பெனியில் டெய்லர்.

“இன்னும் செக் பண்ணலைம்மா.”

“உங்கப்பாவையும் சேத்துச் செக் பண்ணு. ஆரம்ப சூரன்னு எங்கூருல ஒரு பேரு உண்டு. அந்தப் பேருக்கு ஆளு யாருன்னு கல்யாணத்துக்கப்புறந்தேன் பாத்தேன்.”

அருள்செல்வன் சிரித்தான். அப்போதெல்லாம் அவனுக்கு இது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும், ஊர் முருகன் கோயில் திடலில் வள்ளி கும்மி வகுப்புத் தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். சாயங்காலப் பொழுதோடு திடலில் கூடிச் சில மாதம் பழக வேண்டும். பழகியவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஒரே நிறத்தில் உடுத்து, காலில் சலங்கை கட்டி, வள்ளியை முருகன் மணந்த கதையை ஊர் பார்க்கக் கைகொட்டி ஆடுவார்கள். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். யாழினிக்கு ஆசை வந்துவிட்டது. கூடவே கூச்சமும் வந்துவிட்டது.

“அப்பா, நீங்களும் வாங்கப்பா. தனியாப் போறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது.”

நாகஜோதிக்கு ஷிப்ட் முடிய நேரமாகும். அருள்செல்வன் போனில் கும்மி வீடியோ ஒன்றைப் பார்த்தான். ஒரு பெரிய மைதானம். கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்கள். அத்தனை பேரும் ஒரே கைத்தட்டில் திரும்பினார்கள். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தால் வீட்டுக்கு ஏதோ ஒரு சாமான் வந்து சேரும் என்று நாகஜோதிக்குத் தெரியும்.

இந்தத் தடவை சாமான் ஊருக்கே வந்தது. ஏற்றுமதிக்குப் போக மீதமான கிளிப்பச்சைத் துணியில், பழகப் போகிற அத்தனை பேருக்கும் அளவு கேட்டு டீசர்ட் தைத்து இறக்கினான். முதுகில் கொட்டை எழுத்தில் ‘ஒருநாளும் விடமாட்டோம்’ என்று பிரிண்ட் அடித்திருந்தது. ‘கும்மிப் படை’ என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தான். முதல் நாள் திடலில் மைக் இல்லாமலேயே பேசினான். உள்ளே ஒரு நெருப்பு இருக்கிறது, அதை அணையவிடக் கூடாது என்றான். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள், சொசைட்டிக்குப் பாலை ஊற்றிவிட்டுச் சேலைக்கு மேலேயே அந்தப் பச்சை டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர், மனசாரக் கைதட்டினார்.

பழக்கிவிட வந்திருந்தவள் ஜனனி. கல்லூரியில் பி.காம். படிக்கிறவள். பாட்டுப் பாடுகிற ஆசான் சாமியப்பன் கடைசி மாதம்தான் வருவார், அதுவரைக்கும் அடவு சொல்லிக்கொடுப்பது இவள் பொறுப்பு. பேச்சு முடிகிறவரை இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

“நெருப்பெல்லாம் நல்லாருக்குதுங்ண்ணா. பேசி முடிச்சுட்டீங்கன்னா, இப்ப எல்லாரும் வலது காலைச் சித்த முன்னால வெக்கலாமுங்களா?”

யாழினி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த இடம் அவளுக்கு நிலைத்துவிட்டது.

முதல் வாரம் அருள்செல்வன் தவறாமல் போனான். இரண்டாம் வாரம் ஒரு நாள் ஷிப்மென்ட். அது நிஜம். மறுநாள் ஷிப்மென்ட் முடிந்த களைப்பு. அதுவும் பாதி நிஜம். அதற்கு மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, டீ குடிக்க நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலி நல்ல நாற்காலி. மனசு வரட்டும், எழுந்துவிடலாம் என்று இருந்தான். மனசு வரவில்லை. மனசு வராமல் போய் ஆடினால் ஆட்டத்தில் ஜீவன் இருக்காது என்று அவனாகவே ஒரு கொள்கை கண்டுபிடித்துக்கொண்டான்.

ஆனால் குழுவில் ஒரு நாளும் விடவில்லை. விடிந்ததும் முதல் செய்தி அவனுடையதுதான். ‘எழுந்திரு, உலகம் உனக்காகக் காத்திருக்கிறது’ என்று கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே அனுப்புவான். செல்லாத்தாள் கைகூப்புகிற படம் ஒன்றைப் பதிலுக்குப் போடுவார். பால் கறந்த கையோடு.

யாழினி செல்லாத்தாளோடு போக ஆரம்பித்தாள். போகும்போது வாசலில் நின்று, “அப்பா, இன்னிக்கு வர்றீங்களா?” என்று கேட்பாள். “நாளைக்குப் பாரு கண்ணு, அப்பா வந்து பிச்சு ஒதர்றேன்” என்பான். கொஞ்ச நாள் கழித்து அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது அவன் கவனத்துக்கு வரவில்லை. தொந்தரவு குறைந்ததாக மட்டும் ஓர் எண்ணம்.

ஒரு பொழுதோடு வாசலில் செல்லாத்தாள் குரல் கேட்டது.

“தம்பி… இருக்கறீங்களா? எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க.”

நாற்காலியில் இருந்து ஸ்டூலின் மேல் கால்நீட்டி, வெற்றி பெற்ற மனிதர்களின் காலைப் பழக்கங்கள் பற்றிய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான் அருள்செல்வன். செல்லாத்தாள் ஒரு சின்னப் போசியை நீட்டினார். வெதுவெதுப்பாக ஏதோ தைலம்.

“சுளுக்குக்கு இது நல்லாக் கேக்குமுங்க. பாப்பா சொல்லுச்சு, கால ஊனவே முடியலீன்னு. இத்தன நாளா இந்தக் காலோடயா வேலைக்குப் போயிட்டு வர்றீங்க? அட சாமி.”

செல்லாத்தாளுக்குப் பின்னால் யாழினி நின்றுகொண்டிருந்தாள். பச்சை டீசர்ட். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

அருள்செல்வன் போசியை வாங்க எழுந்தான். எழுந்தவன், என்ன நினைத்தானோ, இடது காலைக் கொஞ்சம் இழுத்தான். இரண்டடிதான். ஆனால் நன்றாக இழுத்தான். நாற்காலிக்குத் திரும்பும்போது, எந்தக் காலை இழுத்தோம் என்று மறந்து வலது காலை இழுத்தான். செல்லாத்தாள் பார்த்தார். பார்த்துவிட்டு, “ரண்டு காலுக்குமே தடவிக்குங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு மகளைக் கூப்பிட்டான்.

“ஏன் பாப்பா பொய் சொன்னே?”

“ஜனனி அக்கா தெனமும் கேக்கறாங்கப்பா. மொதல்ல ஷிப்மென்ட்டுன்னு சொன்னேன். அப்புறம் காச்சலுன்னு சொன்னேன். காச்சலு எத்தன நாளைக்குப்பா சொல்றது?”

“பொய் சொல்றது தப்பில்லியா?”

“செரி. நாளைக்கு நெசத்தச் சொல்லீரட்டுங்களாப்பா?”

அவள் கேலி செய்யவில்லை. உத்தரவு கேட்டாள். அவன் தைலத்தைத் திறந்து, ஒரு நோயும் இல்லாத காலில் தடவ ஆரம்பித்தான். மிளகாய்ப்பழம் மாதிரி எரிந்தது.

கார்த்திகையில் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தார்கள். முந்தின வாரக் கடைசியில் ஜனனி வீட்டுக்கே வந்தாள். வாசல் தாண்டி உள்ளே வராமல் நின்றபடியே பேசினாள்.

“அண்ணா, அன்னிக்கு மைக்செட், சேரு, சாப்பாடு எல்லாம் பாத்துக்க ஒரு பொறுப்பான ஆளு வேணுமுங்க. உங்களாட்ட ஆளு இருந்தா எங்குளுக்குத் தைரியமா இருக்கும்.”

கொங்கு நாட்டில் ஒருவனை வெளியே போகச் சொல்வதற்கு இதைவிட மரியாதையான வாசகம் கிடையாது. அருள்செல்வன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

“அதெல்லாம் வேற யாராச்சும் பாத்துக்குவாங்க அம்மிணி. நான் ஆடறேன். இன்னும் ஒரு வாரம் இருக்குதுல்ல? நான் நெனச்சா…”

“பழகாதவங்க சலங்கை கட்டக் கூடாதுன்னு ஆசான் சொல்வாருங்க.”

“பழகீட்டாப் போச்சு.”

ஜனனி அவன் தைத்துக் கொடுத்த டீசர்ட்டைத்தான் போட்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவனிடம் முடியாது என்று சொல்ல அவளால் முடியவில்லை. “செரிங்ண்ணா” என்று போய்விட்டாள்.

அருள்செல்வனுக்கு மறுபடி உடம்பு சிலிர்த்தது. திடலுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகள் நடுவே தட்டுத்தடுமாற அவனுக்கு மனம் ஒப்பவில்லை. யாழினி அம்மா பார்ப்பதற்காகப் பயிற்சியை ஒருநாள் முழுதாக வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதை டிவியில் போட்டான். சனியும் ஞாயிறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆடினான். வேர்த்து ஊற்றியது. பனியனைப் பிழிந்து காயப்போட்டான், சைக்கிள் மேல். திரையில் அவர்கள் சாய்ந்த பக்கம் சாய்ந்தான், திரும்பிய பக்கம் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஓர் இடத்திலும் பிசகில்லை. மாதக்கணக்கில் ஊரார் பழகியதை இரண்டே நாளில் முடித்ததை நினைத்து, பழகியவர்கள் மேல் அவனுக்கு லேசான இரக்கம்கூட வந்தது.

கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாழினி, “அப்பா…” என்று இழுத்தாள்.

“எப்படி?”

“நல்லா ஆடறீங்கப்பா. ஆனா அது…”

“அப்பா நெனச்சா முடியும்னு தெரிஞ்சுக்க கண்ணு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். மகள் முன்னால் நன்றாக ஆடிய சந்தோஷத்தை அவன் முகத்திலிருந்து எடுத்துப்போட அவளுக்கு மனமில்லை போலும். அந்தக் குணம் அவளுக்கு ஊர்க்காற்றில் வந்தது.

அரங்கேற்றத்தன்று திடல் நிறைந்துவிட்டது. வெள்ளகோவிலிலிருந்து அருள்செல்வனின் அக்கா குடும்பத்தோடு வந்து முதல் வரிசைச் சேரில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் வேட்டி, மஞ்சள் சட்டை. பெண்கள் மஞ்சள் சேலை. சிறுமிகள் மஞ்சள் பாவாடை. சலங்கை கட்டும்போது ஆசான் சாமியப்பன் அருள்செல்வனின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஜனனியைப் பார்த்தார். ஜனனி தரையைப் பார்த்தாள். சலங்கை கட்டப்பட்டது.

முதல் பாட்டு விநாயகருக்கு. நேராக நடை, கைதட்டு, நடை. யாரும் பிசகவில்லை. இரண்டாம் பாட்டில் வள்ளி தினைப்புனம் காக்கப் போனாள். ஆசான் குரலை ஏற்றினார். முதல் திருப்பம் வந்தது.

எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள். அருள்செல்வன் இடப்பக்கம் திரும்பினான்.

தயங்கித் திரும்பவில்லை. துணிந்து, தோளைக் குலுக்கி, தாளம் பிசகாமல், அழகாகத் திரும்பினான். திரும்பினால் முன்னால் செல்லாத்தாள் முகத்துக்கு முகம் நின்றார். “அய்யோ தம்பி, அக்கட்டால!” என்று அவர் மறுபக்கம் கண்ணைக் காட்டி முணுமுணுத்தார். அவன் அடுத்த அடவை வைத்தான். எல்லாரும் அந்தப் பக்கம் போக, இவன் இந்தப் பக்கம் வந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டிவியில் ஆடியவர்கள் தன்னைப் பார்த்து நின்று ஆடினார்கள். அவர்களுடைய வலது கை தன்னுடைய இடது கைக்கு நேராக இருந்தது. இரண்டு நாள் வேர்க்க விறுவிறுக்க அவன் பழகியது கண்ணாடிக்குள் ஆடுகிற கும்மி.

தெரிந்த பிறகும் கால் நிற்கவில்லை. மாற்றலாம் என்று புத்தி சொல்வதற்குள் கால் அது பாட்டுக்குத் தப்பைச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தது.

பக்கத்தில் யாழினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு கைத்தட்டு நேரம். பிறகு, ஒரு நாளும் விடாமல் வந்து ஓர் அடவும் பிசகாமல் பழகிய பெண், அப்பாவின் பக்கமே திரும்பினாள். அவன் இடம் போனால் இடம் போனாள். அவன் குனிந்தால் குனிந்தாள். ஊரே ஒரு பக்கம் போக, அப்பனும் மகளும் மட்டும் எதிர்ப்பக்கம் போனார்கள்.

வரிசை கலைந்தது. ஜனனி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வளர்ந்த ஆம்பளையை, அதுவும் எல்லாருக்கும் டீசர்ட் கொடுத்தவனை, கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்த முடியாது. யாழினியின் பக்கம் குனிந்தாள். இருவரும் ஏதோ பேசியது மாதிரி இருந்தது. பிறகு அவளைத் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே கூட்டிப்போய், திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரம் நிறுத்தினாள். பக்கம் காலியானதும் அருள்செல்வனும் நின்றுவிட்டான். நின்ற இடத்தில் வெறுமனே கையைத் தட்டிக்கொண்டிருந்தான். வள்ளிக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் யாழினி கயிற்றோரம் அசையாமல் நின்றாள். அசைந்தால் சலங்கை சத்தம் போடும் என்று நின்றாள்.

முடிந்ததும் வெள்ளகோவில் அக்கா வந்தார். “ஏனுங் கண்ணு, கூட்டத்தப் பாத்து தெகச்சுப் போச்சா? போச்சாது போ, பரவால்ல.” இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள். “சின்னக் கொழந்த பாவம்.” “அப்பன் நல்லாத்தான் ஆடுனாப்ல, பாப்பாதான் இழுத்துருச்சு.”

அத்தனை பேரும் அருள்செல்வனைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ‘தப்பு என்னுதுங்க’ என்று சொல்ல மூச்சுக்கூட அதிகம் பிடிக்காது.

“ஆமாங்க” என்றான் அருள்செல்வன். “மொதத் தடவையல்லீங்களா, பயந்துட்டா.”

சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. யாழினி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையிடம் தலையாட்டினாள். “ஆமாங்கத்தை. பயந்துட்டேன்.”

கூட்டத்துக்குப் பின்னால் நாகஜோதி நின்றாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள், தலையில் பஞ்சுத்தூசிகூடத் தட்டவில்லை. எல்லாம் பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து ஆரம்ப சூரன் என்று சொல்வாள், உசிலம்பட்டிப் பேச்சில் நாலு விடுவாள் என்று அவன் காத்திருந்தான். சொன்னால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். யாழினியின் கணுக்காலில் சலங்கை பதிந்த சிவப்புத் தடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். அவனோடு சண்டை போடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

வீடியோ பரவியது. திங்கட்கிழமை பேக்கிங் பக்கத்துப் பீகார்க்காரர் ஒருவர் போனை நீட்டி, “அண்ணா, உங்கு பாப்பாங்களா? பாப்பா ராங் போயிருச்சுங்களே” என்று அன்பாகச் சிரித்தார். செக்கிங் மேசைப் பெண்கள் சுற்றிக்கொண்டு “அச்சச்சோ” என்றார்கள். அருள்செல்வன் தலையாட்டினான். எல்லாரும் போனபிறகு அதே வீடியோவைத் தன் போனில் போட்டான்.

குறை பார்த்துப் பழகிய கண். தையல் எங்கே விட்டது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் ஒரு மஞ்சள் சட்டை இடப்பக்கம் திரும்புகிறது. பிறகுதான் ஒரு சின்னத் தலை நிமிர்கிறது. பார்க்கிறது. அதற்கப்புறம் திரும்புகிறது. பார்க்கிறவர் யாருக்கும் தெரியக்கூடியதுதான். கையில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கட்டைவிரலில் வைத்து உருட்டி உருட்டி உருண்டையாக்கினான்.

பஸ்ஸில் வரும்போது குழுவில் எழுத ஆரம்பித்தான். ‘தோல்வி என்பது முடிவல்ல. அன்று நடந்த தவறுக்கு முழுப் பொறுப்பு என்னுடையதே. இன்று முதல் ஒரு புதிய அருள்செல்வன்…’ எழுதியதைப் படித்தான். உடம்பு சிலிர்க்கப் பார்த்தது. அந்தச் சிலிர்ப்பை இப்போது அவனுக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்தான். குழுவை ஜனனி பெயருக்கு மாற்றிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் வெளியே வந்தான்.

பஸ் திடலோரம் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். எப்போதும் அவன் இறங்கி வீட்டுக்கு நடப்பான். திடலில் புது வகுப்புக்காக ஜனனி கோலமாவில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி.”

“வாங்ண்ணா.”

“அன்னிக்கு… தப்பு பாப்பா மேல இல்ல. நாந்தான்.”

“தெரியுமுங்ண்ணா.”

“தெரியுமா?”

“எல்லாத்துக்கும் தெரியுமுங்க.”

அவனுக்குக் காது சுட்டது. “செல்லாத்தாளக்கா… அவங்களுக்குமா?”

“செல்லாத்தாப் பெரியம்மாளுக்கு நீங்க ரண்டு காலையும் மாத்தி மாத்தி நொண்டுன அன்னிக்கே தெரியுமுங்க.”

“அப்புறம் ஏன் பாப்பாவச் சொன்னாங்க?”

ஜனனி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “பெரியவங்கள மூஞ்சிக்கு நேரா எப்படிங்ண்ணா சொல்றது? சங்கடமுங்களே. கொழந்தையச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு… நானுமே அப்படித்தான் பண்ணுனேன். அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது.” கையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். “நான் உங்களத்தான் வெளிய வரச் சொல்லலாம்னு வந்தேனுங்க. பாப்பாதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘அப்பாவ நிறுத்தாதீங்கக்கா, அத்தையெல்லாம் பாக்கறாங்க, என்னைய நிறுத்துங்க’ன்னுச்சு.”

அருள்செல்வன் திடலைப் பார்த்தான். கயிறு கட்டியிருந்த முளைக்குச்சி இன்னும் பிடுங்கப்படாமல் இருந்தது. அதன் ஓரத்தில் மகள் நின்ற இடத்தில் புல் அப்படியேதான் இருந்தது. எங்கே பார்வையை வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“புது வகுப்புல ஆளு சேக்கறீங்களா?” என்று கேட்டான்.

“சேக்கறமுங்க.” ஜனனி சந்தேகமாகப் பார்த்தாள். “பேசுவீங்களா?”

“இல்ல.”

“அப்ப கடைசி வரிசைல நில்லுங்ண்ணா.”

கடைசி வரிசையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் இடுப்புயரத்தில் இருந்தார்கள். அவன் சாப்பாட்டுப் பையை வேலியில் மாட்டிவிட்டு நின்றான். வலது காலை முன்னால் வை என்றால், கால் இடதை வைத்தது. இரண்டு நாளில் ஏறியது இறங்க மறுத்தது. பக்கத்திலிருந்த பையன், “ஏனுங்க, உங்களுக்கு எது சோத்துக்கைன்னு தெரியாதுங்களா?” என்று மரியாதையாக விசாரித்தான்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மனசு வரவில்லை. வீட்டு நாற்காலி கண்ணில் நின்றது. வீட்டுக்குப் போனால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்ததால் வீட்டுக்குப் போகவில்லை. பையை வேலியில் மாட்டினான். அதற்கடுத்த நாளும் மனசு வரவில்லை. பையை மாட்டினான். ஒரு நாள் தூறல். ஒரு நாள், துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் வந்து, பாதி லாட்டைத் திருப்பித் தள்ளி, மானம் போகத் திட்டிய நாள். பை வேலிக்குப் போனது, பின்னால் அவனும் போனான். மனசைக் கேட்பதை விட்டுவிட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை போலிருந்தது. சிலிர்ப்பு ஒரு நாளும் வரவில்லை. வெட்கம் மட்டும் தினமும் வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்து, “பழகறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தாமதமாக வருவது நாகஜோதிக்குத் தெரிந்தது. செல்லாத்தாள் சொல்லியிருப்பார். ஒரு ராத்திரி சோறு போடும்போது, “எத்தன நாளைக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியல” என்றான். அது உண்மையாக இருந்ததாலோ என்னவோ, அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

யாழினிதான் வரவில்லை. அரங்கேற்றம் ஆனவர்கள் பழைய ஆட்கள். வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். மற்றவர்கள் வந்தார்கள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டிலேயே இருந்தாள். கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது?

மார்கழிக் குளிரில் ஒரு பொழுதோடு, அடவின் நடுவே அவன் தலையைத் தூக்கியபோது, வேலியோரம் செல்லாத்தாளோடு அவள் நின்றாள். பச்சை டீசர்ட். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. ஜனனி கைதட்டினாள். எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள். அவன் பாதி இடப்பக்கம் போய், திக்கென்று நின்று, வலப்பக்கம் வந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

யாழினி வரிசைக்குள் வந்தாள். அவன் காலடியில் உட்கார்ந்தாள். பாவாடைப் பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்து, ஒரு சிவப்பு அம்புக்குறியை உரித்து, அவன் வலது கால் பெருவிரல் மேல், முனை வெளிப்பக்கம் பார்க்க ஒட்டினாள். இரண்டு முறை அழுத்தினாள்.

திடல் முழுக்கப் பார்த்தது. அருள்செல்வனுக்குக் கழுத்து வரைக்கும் சூடேறியது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“என்னுங் கண்ணு, உங்கப்பன் ரிஜெக்ட்டுங்களா?” என்றார் செல்லாத்தாள். முதல் முறையாக அவன் முகத்துக்கு நேராக.

“இல்லீங்க பெரியம்மா. ஆல்டருங்க.”

அவள் எழுந்து அவனுக்கு முன்வரிசையில் போய் நின்றாள். ஜனனி மறுபடி கைதட்டினாள். அருள்செல்வன் அம்பைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினான்.

இந்தத் தடவை யாழினி அவனோடு திரும்பவில்லை. எல்லாரோடும் வலப்பக்கம் திரும்பி, அங்கேயே நின்றாள். அவன் காணக் கிடைத்தது அவள் முதுகு. ‘ஒருநாளும் விடமாட்டோம்’ என்று அவன் அடித்த எழுத்து, துவைத்துத் துவைத்து அங்கங்கே உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கைத்தட்டுப் பிந்தி வலப்பக்கம் வந்து சேர்ந்தான்.